நேர்சரிப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள்

திருகோணமலையில் மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதமான பாட்டுத்தான் கேட்கிறது. ஒன்று போனில் ஓடுகிற கார்ட்டூன் பாட்டு. மற்றது நேர்சரி கொன்சேர்ட்டுக்குப் பாடமாக்குகிற பாட்டு. இரண்டும் பிள்ளைக்குச் சந்தோசம், மறுக்கவில்லை. ஆனால் மொழி வளரப் பாட்டு செய்யவேண்டிய வேலை இரண்டிலும் அரைகுறையாகத்தான் நடக்கிறது என்பது என் கருத்து.

அந்த வேலை, சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்குவது. 1987இல் இங்கிலாந்தில் மக்லீன், பிரயன்ட், பிராட்லி என்ற மூவர், மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சிறுவர் பாட்டு எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிட்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாட்டு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்னர் ஒலி ஒற்றுமையைச் சுலபமாகப் பிடித்தார்கள். குடும்பப் பின்னணியையும் அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. தொடர்புதான், பாட்டு மட்டுமே காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல ஏலாது. அதோடு அவை ஆங்கிலம் பேசும் பிள்ளைகள்.

ஆங்கிலப் பாட்டில் ஒலி ஒற்றுமை பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும். தமிழில் வரியின் தொடக்கத்திலும் வரும். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அதனால்தான் ஆங்கிலப் பாட்டை அப்படியே தமிழாக்கிப் பாடினால் மெட்டு இருக்கும், காதுக்குப் பிடிமானம் இருக்காது. நல்ல தமிழ்ப் பாட்டுக் கிடைக்கவில்லை என்று யோசிக்கவும் தேவையில்லை. நாலு வரி வீட்டிலேயே கட்டலாம்:

வள்ளம் வந்தது கரையிலே
துள்ளும் மீனாம் வலையிலே
அள்ளிப் போடு கூடையிலே
பிள்ளை சிரிக்குது மடியிலே

நாலு வரியிலும் இரண்டாவது எழுத்து ‘ள்’. அதற்கு முன்னால் நிற்பது நாலிலும் குறில். கடைசியிலும் ஒரே ஓசை. உள்ளே இருப்பது எங்கள் பிள்ளைகள் கடற்கரையில் கண்ணால் காண்கிற சாமான்கள். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஓசையும் உடம்பும் சேர்ந்து அசைந்தால் சொல் எவ்வளவு பலமாக மனதில் நிற்கும் என்று.

இனி, பாடுகிற விதம். பிள்ளையை மடியில் உங்கள் முகத்தைப் பார்க்க இருத்துங்கள். உங்கள் உதடும் நாக்கும் அசைவது அதற்குத் தெரியவேண்டும். கதைக்கிற வேகத்தைவிட மெதுவாகப் பாடுங்கள். ஒரு வரிக்கு ஒரு அசைவு போதும்: வள்ளத்துக்கு ஆட்டம், மீனுக்குக் கைத்துள்ளல், கூடைக்கு அள்ளல், கடைசி வரிக்குக் கிச்சுக்கிச்சு. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். ஒரே பாட்டை இரண்டு கிழமைக்கு மாற்றாமல், குளிப்பாட்டும்போது, சோறு தீத்தும்போது, படுக்கும்போது பாடுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான் வரும், பிள்ளைக்கு வராது.

பாட்டுப் பழகியதும் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுங்கள். “பிள்ளை சிரிக்குது…” என்று நிறுத்தி, மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். இந்த இடத்தில்தான் நாங்கள் அதிகம் பிழைவிடுவது. இரண்டாவது விநாடியிலேயே பொறுமையிழந்து நாங்களே சொல்லிவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர நேரம் வேண்டும். “யே” என்று மட்டும் சொன்னாலும் அது பதில்தான். திருத்தாமல் “ஓம், மடியிலே!” என்று முழுசாகச் சொல்லிக் காட்டுங்கள். அம்மம்மாமார் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவார்களே, அதே நுட்பம்தான்.

நாலு வயதானால் சொல்லை மாற்றி விளையாடலாம். வள்ளத்துக்குப் பதிலாக “பள்ளம் வந்தது கரையிலே” என்றால் பிள்ளை சிரிக்கவேண்டும். சிரித்தால் ஓர் ஒலி மாறியதைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். கல்-கால், பல்-பால், எடு-எட்டு போன்ற சோடிகளையும் பாட்டுக்குள் வையுங்கள். குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் பிறகு சொல்வதெழுதலில் உதைக்கிற இடங்கள். காதில் பிரியாதது கையில் பிரியாது.

கைதட்டுவதில் ஒரு கவனம் வேண்டும். ‘கத்தரிக்காய்’ எழுத்தில் ஏழு. வாயில் நாலுதான்: கத்-த-ரிக்-காய். புள்ளி எழுத்துக்கும் சேர்த்துத் தட்டவைத்தால் பிள்ளை குழம்பும், ஏனென்றால் அதன் காதுக்கு அது தனித்துண்டாகக் கேட்பதில்லை. எழுத்து எண்ணுவது பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணுப் பாட்டுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நல்ல பொருள். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சோகியையோ கல்லையோ தொட்டு நகர்த்தவேண்டும். பத்துவரை கடகடவென்று ஒப்புவிக்கிற பிள்ளையிடம் “மூன்று சோகி தா” என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கைப்பிடி அள்ளித் தரும்.

நேர்சரி ரீச்சர்மாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். முப்பது பிள்ளைகள் சேர்ந்து கத்திப் பாடும்போது பின்வரிசையில் வாயை மட்டும் அசைக்கிற பிள்ளை உங்களுக்குத் தெரியாது. ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு குழுவைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஸ்பீக்கரில் போடுகிற பாட்டில் மேளச்சத்தம் சொல்லின் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். உங்கள் குரலே போதும், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

போன் பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. வீடியோ உங்கள் பிள்ளைக்காக ஐந்து விநாடி காத்திருக்காது, அதுதான் என் முறைப்பாடு. ஆங்கிலப் பாட்டும் சிங்களப் பாட்டும் தாராளமாகப் பாடுங்கள். மூன்று மொழியும் காதில் விழுகிற ஊரில் அது வசதிதான். வீட்டு மொழியை நிறுத்திவிட்டு அதைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

பாட்டு ஒரு சோதனையாகவும் உதவும். பிள்ளைக்குப் பின்னால் நின்று, கை அசைக்காமல், பழகிய பாட்டை மெல்லப் பாடுங்கள். பலநாள் செய்தும் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலும், இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துக் கதைக்கவில்லை என்றாலும், “ஆம்பிளைப் பிள்ளை, சுணங்கித்தான் கதைக்கும்” என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லி முதலில் காதைச் சோதிக்கக் கேளுங்கள்.