அம்மம்மாவின் கல்வெட்டில் அம்மம்மா எங்கே?

ஒருவர் இறந்து 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டி வீடுகளில் கொடுக்கிற கல்வெட்டுகளில், அதாவது நினைவு மலர்ப் புத்தகங்களில், அம்மாமாருடையதை மட்டும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பஞ்சபுராணம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம் என்று பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் கணவர் எங்கே உத்தியோகம் பார்த்தார், பிள்ளைகள் எந்த நாட்டில் என்ன வேலை என்ற விபரம். மனுசிக்கு ஒன்றரைப் பக்கம். அதிலும் "விருந்தோம்பலில் சிறந்து விளங்கினார்" என்று, யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி. பதிகங்களை நான்கு பக்கத்துக்குள் அடக்கலாம் என்பது என் கருத்து. அவை எல்லார் வீட்டுச் சாமியறையிலும் இருக்கின்றன. அவருடைய வாழ்க்கை வேறெங்கும் எழுதப்படவில்லை.

31 நாள் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டு முடியும்வரை யாரும் பேனா தொடமாட்டார்கள், அச்சகம் ஒரு கிழமை கேட்கும். மிஞ்சுவது இரண்டு கிழமை. ஆனால் எட்டுக்குச் சொந்தம் எல்லாம் ஒரே வீட்டில் கூடியிருக்கும். விபரம் சேர்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

முதலில் பிடிக்க வேண்டியது பிள்ளைகளை அல்ல, சிநேகிதியை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது தாயான பிறகு உள்ள ஆளைத்தான். கூடப் படித்தவரோ, வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது வருஷம் இருந்தவரோ உயிரோடு இருந்தால் போனில் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் "தங்கமான மனுசி" என்பதோடு முடிந்துவிடும். "நீங்கள் ரெண்டு பேரும் எதுக்குக் கோவிச்சனீங்கள்?", "பள்ளிக்கூடத்தால எப்ப நிப்பாட்டினவை, ஏன்?", "முதல் முதல் கையில காசு வந்தது எதால?" என்று கேளுங்கள். ஆள் வெளியே வருவார்.

வம்சாவளியில் வழமையாக விடுபடுவது அவருடைய தாய்வழி. கலியாணத்துக்கு முந்திய முதலெழுத்து, தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், பிறந்த குறிச்சி எல்லாம் வரட்டும். கலியாணம் கட்டாத சகோதரிகளையும் சேருங்கள். பெயர்களைச் சரிபார்க்கப் பேரப்பிள்ளை போதாது. மூத்த மச்சாள் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு மருமகளின் பெயர் தவறினால் அடுத்த திவசம் வரை பேச்சு இருக்கும்.

இறந்த திதியைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவை எழுதுபவருக்கு இறந்த நாளோடு நேரத்தையும் இடத்தையும் கொடுங்கள். கோடையில் ரொறன்ரோவில் இரவு 10 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 7.30. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணிநேரம் வித்தியாசம் வரும், திதியே மாறலாம். ஐயர் பார்க்கிற பஞ்சாங்கத்தையே வெண்பாக்காரரும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் ஒரு திதி, திவசத்துக்கு வேறொரு திதி.

பழைய படத்தைச் சட்டத்தோடு போனில் எடுத்தால் கண்ணாடி வெளிச்சம் அடிக்கும். கழற்றி 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் இரண்டு மடங்கு பெருப்பித்தாலும் அச்சுக்குத் தாங்கும். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். அவருடைய கையெழுத்திலும் ஒரு பக்கம் போடுங்கள்: பால் கணக்குக் கொப்பி, வெளிநாட்டுக்கு எழுதிய நீல ஏரோகிராம், எதுவென்றாலும்.

சமையல் குறிப்பு போடுவதென்றால் "தேவையான அளவு" என்ற சொல்லே வரக்கூடாது. ஒடியல் கூழோ மிளகாய்த்தூளோ, அவரோடு நின்று சமைத்தவரை ஒருமுறை செய்யச் சொல்லி, பக்கத்தில் தராசோடு நில்லுங்கள். அவர் "ஒரு சுண்டு" என்றால் அந்த வீட்டில் அளக்கிற சுண்டுப் பேணியில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று நிறுத்து எழுதுங்கள்.

நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 பக்கத்தோடு போனால், வெறுமையாகக் கிடக்கிற இரண்டில் அச்சகக்காரர் கீதாசாரத்தைப் போட்டுவிடுவார்!

எழுத்துரு இன்னொரு தலையிடி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ரைப் செய்ததை யுனிகோட்டுக்கு மாற்றி ஒரு பிரதி வைத்திருங்கள். நூலகம் இணையத்தளம் நினைவு மலர்களையும் சேகரிக்கிறது. அச்சுப் பிரதி தீர்ந்த பிறகும் யாராவது ஒரு பூட்டப்பிள்ளை அந்தக் குறிச்சியின் பெயரைத் தட்டித் தேடினால் யுனிகோட்டில் இருப்பதுதான் அகப்படும்.