கடல் பக்கத்துல பொறந்தா மெடல் வந்துருமா?

அந்த வீடியோவ இதுவரைக்கும் பதினோரு பேரு எனக்கு அனுப்பிட்டீங்க. போதும், பாத்துட்டேன். ஆண்டு விழா மேடையில சால்வையப் போத்திக்கிட்டு, "கடலுக்குப் பக்கத்துல பொறந்துட்டு நீச்சல்ல ஒரு மெடல் வாங்கத் துப்பில்லையே"ங்கிறாரு சிறப்பு விருந்தினரு. புள்ளைகளும் சிரிச்சுக் கைதட்டுதுக. அதுதான் எனக்குத் தாங்கல.

சார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல நீச்சல் மெடல் எல்லாம் 50 மீட்டர் குளத்துல நீந்தி வாங்குனது, செயின் ஆத்துல நடந்த 10 கிலோமீட்டரத் தவிர. சுவத்த ஒதச்சுத் திரும்பப் பழகணும்னா மொதல்ல சுவரு வேணும். எங்க பாம்பன் கடல்ல ஏது சுவரு?

மெடல் வாங்குறது ஆளு இல்ல, நாடு. 2024-ல அமெரிக்காவும் சீனாவும் ஆளுக்கு 40 தங்கம். உலகத்துலயே பெரிய பொருளாதாரம் அவுக ரெண்டும்தான். நமக்கு ஒரு வெள்ளி, அஞ்சு வெண்கலம். "நாமளும் பெரிய பொருளாதாரம்தானே"ன்னு கமெண்ட்டுல ஒருத்தர் வருவாரு. வாங்க. அதைத் தலைக்கு வகுத்துட்டு வாங்க. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புப்படி அஞ்சு வயசுக்குள்ள இருக்க புள்ளைகள்ல நூத்துக்கு 35 வயசுக்கேத்த உயரமில்ல. இதுல எவன் நீந்த?

ஜமைக்கா பணக்கார நாடான்னு கேப்பீங்க. இல்லதான். 30 லட்சம் பேருகூட இல்லாம நம்மளாட்டம் 6 மெடல். ஆனா அங்க 1910-லேருந்து பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு ஓட்டப்போட்டி நடக்குது, பாக்க ஸ்டேடியமே நெரம்புது. இங்க பி.டி. பீரியடக் கணக்கு வாத்தியாரு வாங்கிக்கிருவாரு. கென்யாவா? அவுக ஒசரமான மேட்டு நிலத்துல ஓடிப் பழகுனவுக, அந்தக் கத வேற.

"பாகிஸ்தான் ஈட்டிக்காரர் அர்ஷத் நதீம் ஏழைதானே?" ஆமா. ஊர்க்காரங்க காசு போட்டு வளத்த ஆளு, பாரிஸ்ல ஈட்டிய 92.97 மீட்டர் எறிஞ்சு தங்கம் வாங்குனாரு. பாகிஸ்தான் அனுப்புனதே 7 பேரு. 1992-க்கு அப்புறம் அவுகளுக்கு வந்த மொத மெடலே அதுதான். கரையேறுன ஒருத்தரக் காட்டி முங்கிப்போன மத்தவன ஏசுறது நல்லாருக்கா?

நானும் ஓடுனவந்தான். ஒம்பதாப்பு, 800 மீட்டர், ராமநாதபுரத்துல. அந்த வாரம் பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்க, அப்பா வல்லம் கடலுக்குப் போகல. பஸ் காசு கடன். காலையில டீயும் பன்னும். ரெண்டாவது சுத்துல ஓரமா உக்காந்து வாந்தி எடுத்தேன். பி.டி. சார் ஒண்ணும் கேக்கல, பரோட்டா வாங்கிக் குடுத்தாரு. அந்தப் பரோட்டா இன்னும் ஞாபகம் இருக்கு, யாரு ஜெயிச்சான்னு ஞாபகம் இல்ல.

"சும்மா பொலம்பாத, ஒழைக்கணும்"னு சொல்றவுகளுக்கு: எங்கக்கா வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு விடியக்காலையில முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகும். ஒரு முங்குக்கு அது எம்புட்டு நேரம் மூச்சப் புடிக்குதுன்னு எவனும் வாட்ச் வச்சுப் பாத்ததில்ல. போன மாசம் ரத்தம் கம்மின்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்புனாங்க. அதே கணக்கெடுப்புல நம்ம நாட்டுப் பொம்பளைக நூத்துல 57 பேருக்கு ரத்தசோகையாம். எங்கக்காவுக்கு இந்த நம்பரெல்லாம் தெரியாது. மாத்திரையப் போட்டுட்டு மறுநாளும் தண்ணிக்குள்ள எறங்கிருச்சு.

சிறப்பு விருந்தினர் சார் ஒருநாள் பாம்பன் பக்கம் வரட்டும். சால்வைய கரையில வச்சுட்டு அக்காகூட ஒரு முங்கு முங்கிப் பாக்கட்டும். முங்குறதுக்குக் கண்ணாடி நான் தர்றேன்.