அந்த அவ்வா அநாதை இல்லைங்க

மூணு நாளா சரியாத் தூங்கல. ஒரு படத்தால. நான் எடுத்த படம். எனக்குத் தெரியாம அதைத் தூக்கிட்டுப் போய் என்னென்னமோ பண்ணிட்டாங்க. வயிறு எரியுது, அதான் இங்க கொட்டுறேன்.

காவேரிப்பட்டணத்துல எனக்குச் சின்னதா ஒரு ஸ்டூடியோ இருக்கு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுன்னு வர்ற வேலையைப் பண்றவன். முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கிழமைல கேமராவை எடுத்துக்கிட்டு கேஆர்பி அணைக்கு, அதான் கிருஷ்ணகிரி அணைக்கு, போயிடுவேன். அங்க கூடையில மாங்காய் வச்சு விக்கிற ஒரு அவ்வா இருக்காங்க. வீட்டுல தெலுங்கு பேசுறவங்க, அவ்வான்னா தெலுங்குல பாட்டி. கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி நெறைய குடும்பம் இருக்கு, அதனால தமிழ் பேசுற பிள்ளைங்களுக்கும் அவங்க அவ்வாதான். தோத்தாபுரி மாங்காயைக் கீத்து கீத்தா அறுத்து, உப்பும் மொளகாப்பொடியும் தூவிக் கொடுப்பாங்க. அறுக்கும்போது கத்தியைப் பார்க்கவே மாட்டாங்க. நம்ம முகத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே இருப்பாங்க, கீத்து எல்லாம் ஒரே அளவுல விழும்.

ரெண்டு வருஷமா அவங்ககிட்ட மாங்காய் வாங்குறேன். ஒரு தடவை கூட சொல்லாம கேமராவைத் தூக்கினது கிடையாது. இந்த சீசன்லதான் மெதுவா கேட்டேன், "அவ்வா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா? இன்ஸ்டாகிராம்ல போடுவேன்"னு. "இன்னாத்துக்கு கண்ணு இந்தக் கெழவிய?"ன்னாங்க. அப்புறம் அவங்களே, "எம் பேரன் அதுலயே தான் கெடக்குறான், அவன் பாப்பான் இல்ல? இரு, மூஞ்சி கழுவிக்கினு வந்துடறேன்"னு எழுந்து போனாங்க. முகம் கழுவி, முந்தானையை இழுத்துச் சரி பண்ணி, மூக்குத்தியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டு உக்காந்தாங்க. சாயங்காலம் அஞ்சரை மணி வெயில். சிரிச்ச முகம். நான் எடுத்ததுலயே எனக்குப் பிடிச்ச படங்கள்ல அது ஒண்ணு.

கீழ நான் எழுதினதை அப்படியே சொல்றேன்: "அணைக்குப் போனா இவங்ககிட்ட மாங்காய் வாங்குங்க. முப்பது வருஷமா இதே இடம். மகன் ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்காரு. 'நீ போகாத, வீட்ல இரு'ன்னு அவர் சொன்னாலும் அவ்வா கேக்குறதில்ல. சும்மா உக்காந்தா கை நமநமங்குதாம்." இவ்வளவுதான். எல்லாம் அவங்க வாயால சொன்னது.

நாலு நாள் கழிச்சு, நம்ம மாவட்டப் பேரை வச்சு நடத்துற ஒரு பக்கம், லட்சத்துக்கு மேல பேர் பின்தொடர்ற பக்கம், அதை எடுத்திருக்கு. ஸ்கிரீன்ஷாட் அடிச்சு, மூலையில இருந்த என் ஸ்டூடியோ பேரை வெட்டி, கலரை எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கி, அந்தச் சிரிப்பு மேல ஒரு ஒப்பாரி மாதிரி பாட்டைப் போட்டு ரீல் ஆக்கியிருக்காங்க. மேல பெருசா எழுத்து: "பெத்த பிள்ளைங்க கைவிட்டாலும் உழைப்பைக் கைவிடாத தாய். மனசு இருக்கிறவங்க ஷேர் பண்ணுங்க."

யார்யா உன்கிட்ட சொன்னது பிள்ளைங்க கைவிட்டாங்கன்னு? நான் எழுதினதுல மகன் இருக்காரே, ஓசூர் இருக்கே, 'நீ போகாத'ன்னு அவர் கெஞ்சினது இருக்கே! அதைப் படிச்சுட்டுத்தானே தூக்கிப் போட்டே? படிக்காமத் தூக்கியிருந்தா அது திருட்டு. படிச்சுட்டு மாத்தியிருந்தா அதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல.

அந்த மகன் இதை எங்க பார்த்தாரு தெரியுமா? கம்பெனில, டீ பிரேக்ல, பக்கத்து லைன் ஆள் போனை நீட்டி, "இது உங்கம்மா மாதிரி இல்ல?"ன்னு கேட்டிருக்கான். அடுத்த நாள் ராத்திரி எட்டு மணிக்கு என் ஸ்டூடியோ வாசல்ல வந்து நின்னாரு. சண்டை போட வந்திருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். மெதுவாத்தான் கேட்டாரு, "அண்ணா, எங்கம்மாவ நாங்க எப்போண்ணா கைவிட்டோம்?"னு. கமென்ட்டை எல்லாம் உக்காந்து படிச்சிருக்காரு. "இந்த மாதிரிப் பிள்ளைங்களை நடுரோட்ல நிக்க வைக்கணும்", "சோறு போடாத நாய்ங்க"ன்னு முன்னப்பின்ன தெரியாதவங்க எழுதினதை ஒண்ணொண்ணா. அவரோட பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல்ல கேட்டிருக்காங்க. படத்தைப் பார்ப்பான்னு அவ்வா ஆசைப்பட்டாங்களே, அதே பேரன்.

நான் என் பதிவை எடுத்துக் காட்டினேன். தேதி காட்டினேன். எழுதினதைப் படிச்சாரு. "உங்க மேல தப்பில்லண்ணா"ன்னு சொல்லிட்டுத் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டாரு. அவ்வா அதுல இருந்து அணைக்கு வர்றதில்ல.

அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். மொதல்ல மரியாதையா, "சார், இது என் படம், சொல்லியிருக்கிறது பொய், அந்தக் குடும்பம் அவமானப்படுது, தயவு செஞ்சு எடுத்துடுங்க"ன்னு. ஒரு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "டேக் பண்ணிட்டேன் ப்ரோ, உங்களுக்கும் ப்ரமோஷன்தானே." போய்ப் பார்த்தா, இருபது முப்பது ஹேஷ்டேக் கீழ, 'மோர்'னு தொட்டாத்தான் தெரியிற இடத்துல என் ஐடி. இப்போ என்ன ஆச்சு? அந்தப் பொய்யைச் சொன்னதே நான்தான்னு ஆயிடுச்சு! டேக் பார்த்துட்டு ரெண்டு பேர் என் இன்பாக்ஸ்ல வந்து, "அந்தப் பாட்டி அக்கவுன்ட் நம்பர் கொடுங்க, பணம் அனுப்புறோம்"னு கேக்குறாங்க. நல்ல மனசுள்ளவங்கதான், அவங்களைக் குறை சொல்லல. ஆனா இதை அந்த மகன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?

இன்னொண்ணு சொல்றேன். அடுத்தவங்க படத்தை நேர்மையாப் பகிர்றது ஒரு கஷ்டமே கிடையாது. அந்தக் காகித ராக்கெட் மாதிரி இருக்கிற குறியைத் தொட்டு ஸ்டோரில சேர்த்தா, எடுத்தவன் பேரோடதான் போகும். தொட்டா அசல் பதிவுக்கே கூட்டிட்டுப் போகும். 2025 ஆகஸ்ட்ல இன்ஸ்டாகிராமே ரீபோஸ்ட் பட்டனையும் கொண்டு வந்துடுச்சு. ரெண்டு தட்டு தட்டினா போதும், பேரும் இருக்கும், நான் எழுதினதும் அப்படியே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் அடிக்கிறது, வெட்டுறது, கலர் மாத்துறது, பாட்டு தேடுறது, எழுத்து ஒட்டுறதுதான் அதை விட அஞ்சு மடங்கு வேலை. மெனக்கெட்டு உக்காந்து பண்ற வேலையை "தெரியாமப் போட்டுட்டேன்"னு எவனும் என்கிட்ட சொல்ல வேணாம்.

ஏன் மெனக்கெடுறாங்கன்னா, ரீபோஸ்ட் பண்ணா வர்ற லைக்கும் ஆளுங்களும் அசல் ஆளுக்குப் போயிடும். சொந்தமா ஏத்தினா எண்ணிக்கை எல்லாம் இவங்களுக்கு. அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் கடை திறப்புக்கு, துணிக்கடை ஆஃபருக்கு, பிரியாணி கடைக்கு ரீல் போடக் காசு கேக்குறாங்க. என் வாடிக்கையாளர் ஒருத்தர் அவர் கடை திறப்புக்கு இந்த மாதிரி ஒரு பக்கத்துக்கு 4,000 ரூபா கொடுத்திருக்காரு. அந்தக் காசுக்கு அடியில அவ்வாவோட முகம் இருக்கு. அவங்க ஒரு நாள் பூரா வெயில்ல உக்காந்தா எவ்வளவு கிடைக்கும்னு அந்த அட்மினுக்குத் தெரியுமா?

அடுத்தவங்க படைப்பை அப்படியே எடுத்து, 30 நாள்ல 10 தடவைக்குக் குறையாமப் போடுற பக்கங்களைப் பரிந்துரைல காட்ட மாட்டோம்னு 2024 ஏப்ரல் கடைசியிலயே இன்ஸ்டாகிராம் சொல்லிச்சு. சொல்லிட்டாங்க, சரி. என் போன்ல இந்தப் பக்கம் இன்னமும் தினம் வந்து நிக்குது.

"பப்ளிக்கா போட்டா எல்லாருக்கும் சொந்தம்தானே"ன்னு ஒருத்தர் எனக்கே வந்து பாடம் எடுக்குறாரு. சொந்தம் இல்லைங்க. வாசல்ல கோலம் போட்டா ஊரே பார்க்கலாம். அதுக்காகப் போட்டவங்க பேரை அழிச்சுட்டு உங்க வீட்டுப் பேரை எழுதுவீங்களா? 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்துல போட்டோ எடுத்தவன்தான் அதோட ஆசிரியன்னு தெளிவா இருக்கு. எங்கயும் பதிவு பண்ணியிருக்கணும்னு கூட அவசியமில்ல. எடுத்தவன் உயிரோட இருக்கிற வரைக்கும், அவன் செத்ததுக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷமும் உரிமை உண்டு. இதுல நான் நியாயமாவே பேசுறேன். கல்யாணத்துல காசு வாங்கிட்டு எடுக்கிற படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, காசு கொடுத்தவங்கதான் உரிமைக்காரங்க. அது எனக்குத் தெரியும். அதனாலதான் மாப்ள வீட்டைக் கேக்காம ஒரு ஆல்பம் படத்தைக் கூட நான் பக்கத்துல போடுறதில்ல. இந்த அவ்வா படம் நானா போய், அவங்களைக் கேட்டு எடுத்தது. படைப்பைச் சிதைச்சு, எடுத்தவன் பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரி பண்ணா, தடுக்கவும் நஷ்டஈடு கேக்கவும் அதே சட்டத்துல 57வது பிரிவு இருக்கு.

சரி, அந்தப் பிரிவு என் பேருக்குத்தான். அவ்வா பேருக்கு? முகம் கழுவிட்டு வந்து உக்காந்தாங்களே, அந்த நம்பிக்கைக்கு எந்தப் பிரிவுல போய் நான் நிக்கிறது? கேட்டது நான், சரின்னு சொன்னது எனக்கு. அந்தச் 'சரி'யை வேற எவனுக்கும் மாத்திக் கொடுக்க முடியாது. படத்தைத் தூக்குறவங்களுக்கு இந்த ஒண்ணு மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது.

இது ஒரு படத்தோட விஷயமும் இல்ல. ஃபெஞ்சல் புயல் நேரத்துல, 2024 டிசம்பர் தொடக்கத்துல, ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனும் காரும் வெள்ளத்துல உருண்டு போனதை நாடே பார்த்துச்சு. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அன்னைக்கு எடுத்ததைத் தேதி, இடம் எல்லாம் எழுதித்தான் போட்டான். அடுத்த வருஷம் மழைக்காலத்துல ஒரு பக்கம் அதை எடுத்து, தேதியை மறைச்சு, "ஊத்தங்கரை இப்போது"ன்னு ஏத்திடுச்சு. என் சித்தி பொண்ணு பெங்களூர்ல வேலை பார்க்குறா. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்துட்டு அம்மாவுக்குப் போன் போட்டிருக்கா. சித்தி போனைச் சார்ஜ்ல போட்டுட்டு உள் ரூம்ல தூங்கிட்டாங்க, எடுக்கல. அழுதுகிட்டே எனக்குப் பேசினா. நான் பக்கத்து வீட்டு நம்பரைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள அவ பஸ் ஏறிட்டா. விடியக்காலைல வந்து இறங்கினா ரோடு காஞ்சு கிடக்கு, சித்தி வாசல் தெளிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அந்த ஒரு ராத்திரி அந்தப் பொண்ணு என்ன பாடுபட்டிருப்பா! அந்தப் பக்கத்துக்கு அது ஒரு ரீல்.

ஒகேனக்கல்லும் இதே கதைதான். காவிரித் தண்ணியை அளக்கிற பிலிகுண்டுலுல இன்னைக்கு எத்தனை ஆயிரம் கன அடின்னு பார்த்துத்தான் அங்க பரிசல் போகுதா இல்லையான்னு முடிவாகுது. பழைய வெள்ள வீடியோவை "இன்றைய ஒகேனக்கல்"னு போட்டா, வர இருந்த குடும்பம் வராது. பரிசல்காரர் துடுப்பை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். தண்ணி கம்மியா இருந்தப்போ எடுத்ததை வெள்ளத்து நாள்ல போட்டா, தருமபுரில இருந்து பிள்ளை குட்டியோட வண்டி எடுத்துக்கிட்டு வந்து செக்போஸ்ட்ல நிக்கிறாங்க. ஒரு தேதிதானே, வெட்டினா என்னன்னு நினைக்கிறவங்க அந்த பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க.

அவ்வா ரீலைப் பார்த்துக் கண்ணு கலங்கி ஷேர் பண்ணவங்க எனக்குத் தெரிஞ்ச வட்டத்துலயே பதினஞ்சு பேருக்கு மேல இருக்கீங்க. அதுல நாலு பேர் அவங்க கையால மாங்காய் வாங்கித் தின்னவங்க! மகன் பைக்ல வந்து கூடையை ஏத்திக்கிட்டுப் போறதைப் பார்த்தவங்க! நீங்களுமா? ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்திருந்தா, சிரிக்கிறாங்களே, எதுக்கு இந்தப் பாட்டுன்னு தோணியிருக்காதா? போட்டவன் எடுக்குறானோ இல்லையோ, உங்க ஸ்டோரில ஹைலைட்டா வச்சிருக்கிறதையாவது எடுங்க. எடுத்துட்டு, அது பொய்னு ஒரு வரி போடுங்க. பொய்யைப் பரப்பின அதே இடத்துல உண்மையையும் சொல்லுங்க.

பதிப்புரிமைப் புகார் ஃபாரத்தை நேத்து ராத்திரி நிரப்பி அனுப்பிட்டேன். ஒரிஜினல் ஃபைல் என்கிட்ட இருக்கு, எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம் எல்லாத்தோட. அது அங்க வேலை செய்யட்டும்.

அந்தப் பக்கத்தை நடத்துறவர் இதைப் பார்ப்பாருன்னு எனக்குத் தெரியும், நம்ம ஊர் சின்னது. எனக்கு டேக் வேணாம். கிரெடிட் வேணாம். ப்ரமோஷன் வேணவே வேணாம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த ரீலை எடுங்க. நாளைக்குக் காலைல அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல, "இவங்க பிள்ளை இவங்களைக் கைவிடல, நாங்க எழுதினது பொய்"னு போடுங்க. போட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க. அதை நானே கொண்டு போய் அந்தப் பேரன்கிட்ட காட்டுறேன்.