"வேண்டாம்" என்றால் அதற்குமேல் ஏன் ஒரு விசாரணை?

கொழும்புத் தமிழர் கலியாணங்களில் மதுசாரம் பெரும்பாலும் மண்டபத்துக்குள் வருவதில்லை. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கும் வேளையில், வாகனத் தரிப்பிடத்தில் யாரோ ஒருவருடைய வானின் பின்கதவு திறக்கும்; ஹோட்டல் வரவேற்பென்றால் பக்கத்து அறையில் தனியாக ஒரு மேசை இருக்கும். குடியை விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் போத்தலைக் கடந்து போய்விடலாம், "மச்சான், இண்டைக்கு ஒண்டு மட்டும்" என்று தோளில் விழும் கையைக் கடப்பதுதான் பெரும்பாடு.

கந்தசஷ்டி விரதம் என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சு இராது. சீனி வருத்தம் என்றாலும் அனுதாபத்தோடு விட்டுவிடுவார்கள். குடியை விட்டுவிட்டேன் என்று சொன்னால் மட்டும் சிரிப்பும், எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் வருகின்றன. ஆகவே விரதம் என்று பொய் சொல்லித் தப்புகிறவர்களை நான் குறைகூறமாட்டேன்.

பகிடிக்கென்று சோடாவில் கொஞ்சம் கலந்து கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சிகிச்சையில் இருக்கும் சிலருக்கு டைசல்பிராம் என்ற மாத்திரை கொடுக்கப்படுகிறது. உடலில் மதுசாரம் உடையும்போது உருவாகும் அசிற்றல்டிகைட் என்ற நச்சுப்பொருள் மேலும் உடையாமல் அது தடுப்பதால், சிறிதளவு மதுசாரம் உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்க நேரிடும்; சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகலாம். கொட்டாஞ்சேனை வீடுகளில் நத்தாருக்கு நீட்டப்படும், பிராண்டி ஊறிய கேக் துண்டைக்கூட அந்த மாத்திரை எடுப்பவர் விசாரித்துத்தான் வாங்கவேண்டும். நான் இஞ்சி பியர் போத்தலை நானே திறந்து ஊற்றிக்கொள்வேன். கீழே வைத்துவிட்டு அப்பால் போன கிளாசை மறுபடி எடுப்பதில்லை.

அப்படியானால் விருந்துக்கே வராமல் இருக்கலாமே என்பார்கள். விட்ட புதிதில் அது நியாயமான யோசனைதான். ஆனால் உறவுகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்க, கலியாணத்திலும் செத்தவீட்டிலும் மட்டுமே சந்திக்கிற நமக்கு, வராமல் இருப்பது உறவையே துண்டிப்பதாகிவிடும். தனிமையோ மறுபடியும் போத்தலிடம்தான் கொண்டுபோய் விடும். 1935 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' அமைப்பு தொடங்கியதே, ஒரு குடிநோயாளி இன்னொருவரோடு மனம்விட்டுப் பேசியதிலிருந்துதான். அதனால் போகிறேன், போகுமுன் குடியை விட்ட இன்னொரு நண்பருக்குச் சொல்லிவிட்டு, திரும்பி வருவதற்கு யாருடைய வாகனத்தையும் நம்பாமல் போகிறேன். மதுக்கடைகள் மூடியிருக்கும் போயா (பௌர்ணமி) நாள் விருந்தென்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள், முதல்நாள் மாலை மதுக்கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்க்கவேண்டும்.

விருந்து வைப்பவர்கள் என்னைக் கண்டதும் போத்தல்களை ஒளிக்கவேண்டியதில்லை. அது இன்னும் கூச்சம் தரும். தேசிக்காய்ச் சாறோ தோடம்பழச் சாறோ குளிராக, எல்லோரும் எடுக்கும் இடத்தில் வையுங்கள். யாராவது வேண்டாம் என்றால், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள்.