தாழ்ந்த கை பழுதல்ல

"அட்டன் பக்கம் கைகாட்டி உடைஞ்சு தொங்குது, கோச்சி அப்படியே போகுது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இலங்கை மலையக ரயில் பாதையின் பழைய கைகாட்டிகள் (கம்பத்தில் கை போன்ற பலகை அசைந்து ரயிலுக்குச் சைகை காட்டுபவை) பிரித்தானியர் கொண்டுவந்த கீழிறங்கும் வகை. சிவப்புக் கை படுக்கையாக நின்றால் நிற்க வேண்டும், சுமார் 45 பாகை சரிந்தால் போகலாம். ஜெர்மனியிலும், பிரித்தானியாவின் பிற்காலக் கைகாட்டிகளிலும் கை மேலே உயர்ந்தால்தான் வழி. அதைப் பார்த்துப் பழகிய யாரோ குழம்பியிருக்கலாம். மீன்வால் போல நுனி வெட்டிய கை வேறு, அது அடுத்த கைகாட்டி பற்றிய முன்னெச்சரிக்கை மட்டும்.

சரி, கையை இழுத்து இயக்கும் கம்பி அறுந்தால்? கை தொங்காது, எதிர் எடை அதைப் படுக்கைக்கே இழுத்துவிடும். 1876 இல் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டனில் கொட்டிய பனி, கையைச் சரிந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு விபத்தானது உண்மைதான். இந்தப் பாதையின் நானுஓயாவில் மூடுபனி எவ்வளவும் வரும், அந்தப் பனி வராது.