சூட்டோடு அளந்த கணக்கு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் 200 ஷாஃப்டுகளுக்கு ரிஜெக்ட் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, தரப் பரிசோதனைப் பிரிவு. பம்ப்பைச் சுழற்றும் தண்டு, 40 மி.மீ. விட்டம் வரவேண்டிய ஷாஃப்ட். எதை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தாலும் எட்டு, ஒன்பது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கூடவே காட்டியது. பெரிய தப்பைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் ஃபோர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மைக்ரோமீட்டரைத் தொடவே இல்லை. ஒரு ஷாஃப்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சுடுது கண்ணு. ஆறட்டும். சாப்பிட்டு வந்து மறுபடி அள" என்றார். சாப்பிட்டு வந்து அளந்தேன். பாதிக்கு மேல் பாஸ்.

40 மி.மீ. இரும்பு 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்பது மைக்ரான் பருக்கும். நீள அளவுகளுக்கெல்லாம் 20 டிகிரி செல்சியஸ்தான் அடிப்படை என்று உலகம் முழுக்க வைத்திருப்பது இதனால்தான். பாடத்தில் படித்ததுதான், கைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. "ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று யார் ஆரம்பித்தாலும், என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைவிட எதை வைத்து அளந்தார்கள் என்றுதான் மனசு கேட்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதனால் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

2011 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்திவிட்டது, ஐன்ஸ்டீன் தோற்றார் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அது. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் என்ற துகள் ஆய்வு மையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்துக்கு, பூமிக்குள்ளேயே 730 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 20 செ.மீ. துல்லியத்துக்கு அளந்து வைத்திருந்தது, அங்கே நியூட்ரினோவை ஆராய்ந்த ஓபெரா குழு. 2009இல் லாக்விலாவில் நிலநடுக்கம் வந்தபோது ஆய்வகம் ஏழு செ.மீ. நகர்ந்ததுகூட அவர்கள் கணக்கில் தெரிந்தது. அப்படிப்பட்ட ஆட்கள். நியூட்ரினோ 60 நானோ விநாடி (விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோ விநாடி) ஒளியைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது என்றார்கள். அந்த நேரத்தில் ஒளி 18 மீட்டர் போகும். 730 கிலோமீட்டர் ஓட்டத்தில் 18 மீட்டர் முந்தல்.

அப்போதே சிலருக்கு உதைத்த கணக்கு வானத்தில் இருந்தது. 1987இல் ஒரு நட்சத்திரம் வெடித்ததைப் பார்த்தோம். 1,68,000 ஒளியாண்டு தூரம். அதன் நியூட்ரினோக்கள் வெளிச்சத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தன. நட்சத்திரத்தின் வயிற்றிலிருந்து நியூட்ரினோ உடனே தப்பிவிடும், வெளிச்சம் மேல்பரப்புக்கு வந்து சேர நேரமாகும் என்பதுதான் அந்த மூன்று மணி நேரத்துக்குக் காரணம். ஓபெரா சொன்ன வேகம் உண்மையானால் அவை நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டும். (இரண்டு நியூட்ரினோக்களின் ஆற்றலும் வேறு வேறு, அதனால் நேரடியாக ஒப்பிட முடியாது என்று வாதாடவும் இடமிருந்தது. சரி.)

கடைசியில் என்ன ஆயிற்று? ஜிபிஎஸ் கருவியிலிருந்து ஆய்வகத்தின் கடிகாரத்துக்கு வரும் ஃபைபர் ஆப்டிக் கேபிள். அதன் முனையைச் சரியாகத் திருகி முடுக்கவில்லை. வெளிச்சம் குறைவாக விழுந்ததால் சிக்னல் 70 நானோ விநாடிக்கும் மேல் தாமதமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. கடிகாரத்திலேயே இன்னொரு சின்னப் பிழை, அது எதிர்ப்பக்கமாக இழுத்தது. இரண்டும் கழிந்து மிச்சம் 60. அதே மலைக்கடியில் இருந்த இகாரஸ் குழு 2012 மார்ச்சில் தனியாக அளந்து பார்த்தது. நியூட்ரினோ ஒழுங்காக ஒளியின் வேகத்துக்குள்தான் வந்தது.

ஊரே சிரித்தது. குழுவின் தலைவர்கள் இருவர் பதவி விலகினார்கள். எனக்கு மட்டும் அவர்கள்மேல் மரியாதை கூடியது. மாதக்கணக்காகத் தங்கள் தப்பைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், "எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள்" என்று உலகத்தின் முன்னால் வைத்தார்கள். ஒரு கேபிள் லூஸ் என்பதை மறைப்பது எவ்வளவு சுலபம் என்று கம்பெனியில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆடிட் வரும் நாளில் நம்ம ஊரில் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை.

2014 மார்ச்சில் தென்துருவத்தில் இருந்த பைசெப்-2 தொலைநோக்கியின் குழு செய்தது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைகளுடைய தடயத்தைப் பார்த்துவிட்டோம் என்றார்கள். அதற்கான கோட்பாட்டை வகுத்தவர்களில் ஒருவரான ஆந்த்ரேய் லிண்டே வீட்டு வாசலுக்கே போய்ச் சேதி சொல்லி, ஷாம்பெய்ன் உடைப்பதைக் காணொளியாகவும் விட்டார்கள். பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த சிக்னலில் பெரும்பகுதி நம்முடைய பால்வெளி மண்டலத்துத் தூசி. பிளாங்க் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்துப் பார்த்ததும் 2015 தொடக்கத்தில் அந்த உரிமைகோரல் கரைந்தது. ஷாஃப்ட் ஆறுவதற்குள் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் முரளி. டீக்கடையில் இன்றைக்கும் சண்டை வரும் விஷயம்: "முரளிக்காக ஐசிசி ரூலையே மாத்திட்டாங்க."

1995 மெல்போர்ன் டெஸ்ட்டில் நடுவர் டாரல் ஹேர் முத்தையா முரளிதரனை ஏழு முறை நோ-பால் சொன்னார். மடக்கிய முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று குற்றச்சாட்டு. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசாக நீளாது. தோளும் மணிக்கட்டும் சுழலும்போது அந்த வளைந்த கை நம் கண்ணுக்கு மடங்கி நிமிர்வதுபோல் தெரியும். நம்பாதவர்கள் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். கெட்டியான கம்பி ஒன்றை எல் மாதிரி லேசாக வளைத்து, இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். சுவரில் விழும் நிழல் நிமிரும், மடங்கும், மறுபடி நிமிரும். கம்பியின் வளைவு ஒரு டிகிரிகூட மாறியிருக்காது. என் மகளுக்குச் செய்து காட்டினேன். "அப்பா, நீ கையால நிமித்துற" என்று டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு சோதனை போட்டாள். டிவி கேமரா காட்டுவதும் அந்த நிழலைத்தான்.

பெர்த்தில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவர் கையில் ஒளியைத் திருப்பியடிக்கும் குமிழ்களை ஒட்டி, சுற்றிலும் வேகக் கேமராக்களை வைத்து முப்பரிமாணத்தில் அளந்தார்கள். 2004இல், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் அவருடைய தூஸ்ரா பந்துக்கு முழங்கை நிமிர்வது 14 டிகிரி சொச்சம் வந்தது. பயிற்சிக்குப் பின் பத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. அன்றைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளருக்கு 5 டிகிரிதான், வேகப்பந்துக்காரருக்கு 10 வரை. விஷயம் இங்கேதான் திரும்புகிறது. வேகக் கேமராக்களை மற்றவர்கள் பக்கமும் திருப்பினார்கள். அப்பழுக்கில்லாத ஆக்‌ஷன் என்று நாம் கொண்டாடியவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லாருடைய முழங்கையும் கொஞ்சம் நிமிர்ந்தது. பழைய வரம்பை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் கிரிக்கெட்டில் பந்து போட ஆள் தேட வேண்டியிருக்கும். 2005 முதல் எல்லாருக்கும் 15 டிகிரி என்றானது. அதற்கு மேல் போனால்தான் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் என்பது ஒரு காரணம்.

முரளிக்காக ரூலை மாற்றினார்கள் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அவரை அளக்கப் போய், அளவுகோலே கோணல் என்று தெரிந்தது. அதற்காக ஆய்வகத்தையும் நான் கண்ணை மூடி நம்பவில்லை. குமிழை ஒட்டுவது தோலில். எலும்புக்கு மேல் தோல் வழுக்கும். தவிர, ஆய்வகத்தில் போடும் பந்தும் கடைசி ஓவரில் போடும் பந்தும் ஒன்றா? 2014இல் ஐசிசி அங்கீகாரம் கொடுத்த சோதனை மையங்களில் நம்ம போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவும் ஒன்று. அங்கேயும் இதே கேள்வி உண்டு.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது பிரையன் வான்சிங்க் கதையில். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சாப்பாட்டுப் பழக்கத்தையும் நுகர்வோர் மனசையும் ஆராய்ந்தவர். மேசைக்கடியில் குழாய் வைத்து, குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்பும் சூப் கிண்ணம் செய்தார். அதில் குடித்தவர்கள் 73 சதவீதம் அதிகம் குடித்தார்கள் என்று எழுதிப் புகழ்பெற்றார். அமெரிக்க அரசின் ஊட்டச்சத்துக் கொள்கை மையத்துக்கே தலைமை தாங்கியவர். "சின்னத் தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம்" என்ற அறிவுரையைப் பிரபலமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் வீட்டில் அம்மா அதை நம்பித் தட்டெல்லாம் மாற்றினார். நான் இரண்டு முறை சோறு வாங்கிக்கொள்கிறேன்.

2016இல் அவரே தன் வலைப்பதிவில் பெருமையாக எழுதினார்: தோற்றுப்போன ஒரு பீட்சா கடை ஆய்வின் தரவை ஒரு மாணவியிடம் கொடுத்து, அதிலிருந்து ஏதாவது தேற்றச் சொன்னதாகவும், அவர் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்ததாகவும். அதைப் படித்த மூன்று பேர் நாலு கட்டுரைகளை எடுத்துக் கூட்டிக் கழித்தார்கள். சுமார் 150 முரண்பாடுகள். அவர்கள் கையாண்ட ஒரு முறை எட்டாம் வகுப்புக் கணக்கு. பத்துப் பேர் முழு எண்ணில் மதிப்பெண் போட்டால் சராசரி 3.4 வரலாம், 3.5 வரலாம். 3.47 வரவே வராது. இன்னொரு கட்டுரையில் 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் என்று எழுதியிருந்தார். நிஜத்தில் அவர்கள் 3 முதல் 5 வயதுப் பாலர்கள். 2018 செப்டம்பரில் ஒரே நாளில் ஆறு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். மறுநாள், ஆராய்ச்சி முறைகேடு நடந்திருக்கிறது என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. ராஜினாமா செய்தார்.

ஓபெரா குழுவையும் இவரையும் "விஞ்ஞானிகள் சறுக்கிய கதைகள்" என்று ஒரே பட்டியலில் போடுகிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

தேடிக்கொண்டே இருந்தால் தற்செயலாகவே ஏதாவது தேறும். மூளை ஆராய்ச்சியில் இதே தொல்லையை ஒரு செத்த மீன் வெளிச்சம் போட்டுக் காட்டியது. கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரைச் சோதித்துப் பார்க்க ஒரு சால்மன் மீனை உள்ளே வைத்தார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று மீனிடம் முறைப்படி கேட்டார்கள். மீனோ ஏற்கெனவே செத்துப்போனது. கணினி அதன் மூளையில் ஒரு புள்ளியைச் சிவப்பாகக் காட்டியது. ஸ்கேனில் ஒரு லட்சத்துக்கும் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்று தற்செயலாக எரியலாம் என்று விட்டால்கூட நூறு கட்டம் சும்மாவே எரியும். அதற்கான திருத்தத்தைப் போட்டதும் மீன் அமைதியானது. அந்தத் திருத்தத்தைப் போடாமலேயே அன்றைக்குக் கணிசமான மூளைக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 2012இல் இந்த மீனுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது.

போன வாரம் சித்தப்பா குழுவில் ஒன்று அனுப்பியிருந்தார். மொபைல் பார்த்தால் மூளையில் எந்தப் பகுதி எரிகிறது என்று சிவப்பும் மஞ்சளுமாகப் படம். "எத்தனை பேரை வச்சுப் பாத்தாங்களாம் சித்தப்பா?" என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து, "சாப்டியாப்பா?" என்று வந்தது.