உதட்டுக்கு ஆகாத சாயம் வயிற்றுக்கு ஆகுமா?

1990-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ‘ரெட் 3’ எனப்படும் எரித்ரோசின் சாயத்தை ஒப்பனைப் பொருள்களில் தடை செய்தது. ஆய்வில் ஆண் எலிகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததுதான் காரணம். ஆனால் அதே சாயத்தை மிட்டாயில் கலக்க அனுமதி அப்படியே நீடித்தது. அந்த அனுமதியை ரத்து செய்யும் அறிவிப்பு 2025 ஜனவரியில்தான் வந்தது. அதற்கும் 2027 வரை அவகாசம். செயற்கை நிறமிகளைத் தடை செய்யச் சட்டம் வேண்டும் என்றதும், “இவ்வளவு அவசரம் எதற்கு?” என்று கேட்பவர்கள் இந்த முப்பத்தைந்து ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

எலிகளுக்கு நேர்ந்தது மனிதர்களுக்கும் நேரும் என்பதற்குச் சான்று இல்லை என்று அந்த நிர்வாகமே சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு: அந்தச் சாயத்தால் சாப்பிடுபவருக்கு என்ன பயன்? பதப்படுத்தும் பொருள் உணவைக் கெடாமல் காக்கிறது. அதற்காகச் சிறிது அபாயத்தைச் சகித்துக்கொள்ளலாம். நிறமி சத்தும் தருவதில்லை, சுவையும் தருவதில்லை. பழபானம் என்று விற்கப்படும் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளக்கும் பழங்களின் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், கடைசியில் நிறமியின் எண். பழம் இருக்கவேண்டிய இடத்தில் சாயம் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஏமாற்றுக்காக ஒரு குழந்தை ஏன் துளி அபாயத்தையும் சுமக்கவேண்டும்?

2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டார்ட்ராசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட ஆறு நிறமிகளைச் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளுடன் கலந்து சிறுவர்களுக்குப் பானமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளிடம் அமைதியின்மையும் துறுதுறுப்பும் கூடின. விளைவு பெரிதல்ல, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுபோலவும் இல்லை, எந்தப் பொருள் காரணம் என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்த ஆறு நிறமிகளில் ஒன்று இருந்தாலும், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை அச்சிடவேண்டும் என்று 2010 முதல் கட்டாயமாக்கியது. அந்த வரியை அச்சிட விரும்பாத பல நிறுவனங்கள் சாயத்தையே மாற்றிவிட்டன. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்துவிட்டது.

நிறுவனங்களின் மனமாற்றத்தை நம்பிக் காத்திருக்கலாமே என்பார்கள். ‘ட்ரிக்ஸ்’ என்ற சிறுவர் தானிய உணவிலிருந்து செயற்கை நிறமிகளை எடுத்துவிட்டதாக 2016-இல் அமெரிக்க உணவு நிறுவனமான ஜெனரல் மில்ஸ் பெருமையாகச் சொன்னது. பழைய பளிச்சிடும் நிறத்தைக் காணோம் என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதும், 2017-இல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. விற்பனை சரியுமோ என்ற அச்சத்தின் முன்னால் தன்னார்வ உறுதிமொழி நிற்காது. எல்லா நிறுவனங்களையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தால், போட்டியாளர் முந்திவிடுவார் என்று யாரும் பயப்படவேண்டியதில்லை.

கலிஃபோர்னியா 2024-இல் பள்ளிகளில் தரும் உணவில் ஆறு நிறமிகளுக்குத் தடை விதித்தது. அது 2027 முடிவில் நடைமுறைக்கு வருகிறது. நல்ல தொடக்கம், ஆனால் எனக்குப் போதவில்லை. மதியம் பள்ளியில் ஆகாதது மாலையில் வீட்டில் எப்படி ஆகும்? சட்டம் கடை அலமாரி வரை வரவேண்டும். குழந்தைகளுக்கான மருந்து சிரப்பையும் விட்டுவைக்கக் கூடாது. ‘இயற்கை’ என்ற முத்திரையோடு வரும் மாற்று நிறமிகளையும் பெயர் சொல்லி அச்சிடவைக்கவேண்டும். பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருகிறது.